வெள்ளிக்கிழமை மணி

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அதாவது உடம்பளவில். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் நலம் என்றுதான் எழுதுவாய், என் பிள்ளைதானே. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. எனக்குத்தான் மனசு சரியில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இனி வெள்ளிக்கிழமையும் விடுமுறை, வாரத்துக்கு நான்கு நாள்தான் வகுப்பு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மேலிடத்தில் கட்டாயப்படுத்தவில்லை, அந்தந்தத் தலைமை ஆசிரியரே யோசித்து முடிவு சொல்லலாம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வாத்தியார்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டது உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்காரவைத்து, நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒரு பாடம், திரும்பி அந்தப் பக்கம் ஒரு பாடம் என்று ஓட்டுகிறோம். கழுத்து சுளுக்கிக்கொண்ட டீச்சருக்கு அம்மாதான் தைலம் கொடுத்தனுப்பினாள். இருக்கிற ஒரே கணக்கு வாத்தியார் என்னிடம் வந்து, "சார், ஒரு நாள் மூச்சு விட நேரம் கெடச்சா நான் இங்கயே இருந்துடறேன்" என்றார். கணக்குக்கு ஆளில்லாத ஐந்து நாளைவிட ஆள் இருக்கிற நான்கு நாள் மேல் என்று எனக்குத் தோன்றியது. பெற்றோர் கூட்டத்தில், தொழிற்சாலைக்குப் போகிற அம்மாக்கள் அன்றைக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது என்று கேட்டார்கள். போகப் போகப் பழகிவிடும் என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

முதல் வெள்ளிக்கிழமை, மணி அடிக்கிற நம் பெரியவர் கைப்பழக்கத்தில் வாசலில் தொங்கும் மணியை அடித்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினால், பூட்டிய கதவுக்கு வெளியே சீருடையோடு பிள்ளைகள். மணி கேட்டு வந்தவர்கள் இல்லை, அதற்கு முன்பே வந்தவர்கள். விட வேறு இடமில்லாமல் அம்மாக்கள் அங்கேயே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். சுவர் ஓரமாக, யாரும் சொல்லாமலே ஆறும் ஏழும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தன. கதவைத் திறந்துவிட்டு, கணக்கு வாத்தியாரைக் கூப்பிடலாம் என்று போன் போட்டால், அவர் ஒரு தனியார் பள்ளியில் நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிறார். மூச்சு விடக் கொடுத்த நாள் அவருக்கு வேலை தேடத்தான் உதவியது. இந்த மாதத்தோடு போகிறார். அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையைத் திருப்பித் தாருங்கள் என்று மேலிடத்தில் கேட்டேன், பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இனி எதுவும் சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லையம்மா.

இதே பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் நீ கணக்கு டீச்சரானாய். வா என்று எழுதித் தொலைக்காதீர்கள், அவள் பிழைப்பு அவளுக்கு என்று அம்மா கண்டித்துச் சொல்லிவிட்டாள். அதனால் எழுதவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொள், தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. வெள்ளிக்கிழமை பகலில் மட்டும் போன் செய்யாதே. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இந்தத் தமிழ் வாத்தியார் தனியாக நின்றுகொண்டிருப்பேன். இந்தப் பக்கமும் கணக்கில்தான் சந்தேகம் கேட்கிறார்கள், திரும்பினால் அந்தப் பக்கமும் கணக்கில்தான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா