ஒட்டுத் தக்காளி

நாள் 204 | 09:10
செவ்வாய்க் கோள், மூன்றாம் ஆய்வுத் தளம், பசுமைக்கூடம். பதிவு: ஆவுடைநாயகி, பயிர்ப் பொறுப்பு. வெப்பம், ஈரப்பதம் சரி. தளத்தில் இரண்டே பேர், நானும் பொறியாளர் இருதயசாமியும். மாற்றுக் குழு வர மாதங்கள் ஆகும்.

வாடல் நோயில் பழைய தக்காளிப் பாத்தி மொத்தமாகப் படுத்துவிட்டது. எங்கள் பக்கம் இதற்கெல்லாம் ஒப்பாரி வைக்கமாட்டார்கள். கத்தரியைச் சுண்டை வேரில் ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இங்கே சுண்டை விதை முளைக்கவில்லை. குமட்டல் மருந்துக்காக வளர்க்கும் ஊமத்தை மட்டும் திமிராக நின்றது. அதுவும் அதே குடும்பம்தானே. அதன் தலையை வெட்டி, அடித்தண்டின் மேல் தக்காளிக் கொம்பை ஒட்டினேன். வேர் தண்ணீர் குடிக்கத்தான், குணமெல்லாம் கொம்பில். இன்று முதல் பறிப்பு. சும்மா சொல்லக் கூடாது, பழம் அருமை.

நாள் 206 | 14:00
இருதயசாமி என் தக்காளியில் ரசம் வைத்தான். அவன் குடிக்கவில்லை. வயிற்றுப் புண்ணுக்குப் புளிப்பு ஆகாதாம். இருக்கலாம். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

நாக்கு மரக்கட்டையாக வறண்டிருக்கிறது. கூடத்து விளக்கு கண்ணைக் குத்துகிறது.

நாள் 207 | 15:20
மறுபடி ரசம். மறுபடி அவன் குடிக்கவில்லை. நாடி 122. கண்ணாடியில் பார்த்தேன். கண்பாவை அகன்று கண் முழுக்கக் கருப்பு. இது எனக்குத் தெரியாதா? ஊமத்தை விஷம்.

ஊமத்தைச் சாறு இருக்கும் மருந்து அலமாரியின் சாவி எங்கள் இருவரிடம் மட்டுமே. நான் எடுக்கவில்லை. மடியில் கனமில்லையென்றால், தான் வைத்த ரசத்தைத் தானே குடிக்க என்ன பயம்?

நாள் 208 | 10:30
பசுமைக்கூடத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். இனி அவன் கை பட்ட எதுவும் வேண்டாம். செடியிலிருந்தே பறித்து ஆறு பழம் தின்றேன். என் கையால் ஒட்டிய செடி எனக்குத் துரோகம் செய்யாது.

உடம்பு கொதிக்கிறது. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

உள்தொடர்பு, இருதயசாமி: "அக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன்? அதயாவது சொல்லிட்டுப் பூட்டுங்க."

என்ன பணிவு.

நாள் 209 | 11:15
பூமியிலிருந்து செய்தி. என் பதிவுகளைப் படித்துவிட்டு அனுப்பியதாம். தாவர நஞ்சு ஆய்வாளர் ரஹ்மத் நிஷாவின் குரல்:

"ஆவுடை, ஊமத்தையோட விஷம் வேர்லதான் உற்பத்தியாகுது. தண்டு வழியா ஏறிப் பழத்துக்கு வந்துடும். நீங்க தின்ன தக்காளிதான் விஷம். இனிமே ஒண்ணுகூடத் தொடாதீங்க. கதவத் தொறந்து இருதயசாமிகிட்ட விஷமுறிவு ஊசி போட்டுக்கோங்க. உடனே ஒண்ணு, அரை மணி கழிச்சு இன்னொண்ணு. ரெண்டாவதை விட்டா உயிர் தங்காது."

எனக்கே ஒட்டுக்கட்டச் சொல்லித்தருகிறார்கள்! தகவல் கருவி அவன் பொறுப்பு. ஒரு குரலை வெட்டி ஒட்ட அவனுக்கு எத்தனை நேரம்? எப்படியும் நான் கதவைத் திறக்க வேண்டும், அவன் ஊசி குத்த வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாடகமும்.

சுவரில் எறும்பு. செவ்வாயில் ஏது எறும்பு என்று கேட்காதீர்கள், ஊர்கிறது.

நாள் 209 | 11:50
சோதித்துவிட்டேன். உணவுத் திறப்பு வழியே ஐந்து பழம் வெளியே தள்ளினேன். உன் மேல் தப்பில்லையென்றால் என் கண் முன்னால் தின்னு, திறக்கிறேன் என்றேன். கண்ணாடிக்கு அப்பால் வெகுநேரம் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒவ்வொன்றாகத் தின்றான். கண்ணில் தண்ணீர்.

"தின்னுட்டேன்க்கா. இப்பத் தொறங்க."

பார்த்தீர்களா? விஷம் என்றால் எவனாவது தின்பானா? என் பழத்தில் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதுதான் சரி சரி கதவு எங்கே கதவைத்

நாள் 209 | 12:20
பதிவு: இருதயசாமி. அக்கா திறந்துவிட்டார். முதல் ஊசி போட்டாயிற்று. செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். இருப்பில் இருந்த ஊசி இரண்டே. இரண்டும் அக்காவுக்குத்தான், அவர் உடம்பில் ஏறியிருப்பது அதிகம். நான் தின்றது ஐந்து, வாந்தியெடுத்தும் பார்த்தேன். தாங்கிவிடுவேன்.

வாய் வறள்கிறது. என் புத்தி தடுமாறலாம். அதனால் எனக்கே எழுதி வைக்கிறேன்: 12:50க்கு இரண்டாவது ஊசி. என்ன தோன்றினாலும் போட்டுவிடு. அக்காவை நம்பு.

நாள் 209 | 12:50
அக்கா தூங்குகிறார். இவ்வளவு அமைதியாக யார் தூங்குவார்கள்? அந்த விஷச்செடியை ஒட்டியது யார்? என்னைத் தின்ன வைத்தது யார்? எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறாள்.

மேலே என் பெயரில் ஏதோ எழுதியிருக்கிறது. நான் எழுதவில்லை.

தண்ணீர், தண்ணீர் என்கிறாள். நல்ல நடிப்பு.

ஊசி மருந்தைக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டேன். நான் அவ்வளவு ஏமாளி இல்லை.