மனசைத்தான் சந்தேகப்பட்டோம்

அண்ணாச்சி,

இன்று காலை லேபில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தபோது, ஊசி குத்திய இடத்தில் அழுத்திப் பிடித்த பஞ்சை, வீட்டுக்கு வந்த பிறகும் கையிலேயே வைத்திருந்தேன். அதிலிருந்த ஸ்பிரிட் வாசனை உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த லேப் பெஞ்சில் உங்களுக்கு இடம் விட்டு ஓரமாக உட்காருகிற பழக்கம் எனக்குப் போகவில்லை. இன்று ஒரு பெண்மணி அந்த இடத்தில் கைப்பையை வைத்தார். எடுக்கச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பெஞ்சில்தான் நம் பழக்கம். நீங்கள் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை முதலாளி. நான் அடுத்த தெரு அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறவன். கடைத்தெருவில் எதிரே பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரே வியாதி, ஒரே லித்தியம் மாத்திரை என்பது நம் இரண்டு வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. சில மாதம் தலைகால் புரியாத உற்சாகம், சில மாதம் படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு. இரண்டையும் கட்டிப்போடுவது அந்த மாத்திரை. அது ரத்தத்தில் கூடினால் ஆபத்து, குறைந்தால் பிரயோஜனமில்லை. அதனால் அவ்வப்போது அளவு பார்க்க, காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, தம்பானூரில் ஒரு ஹோட்டலில் புட்டும் கடலையும் தின்று, ஆளுக்கொரு மாத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விழுங்குவோம்.

"இது ஒருவக உப்பாம்டே. நாம ரெண்டு பேரும் கருவாடு, கெட்டுப்போவ மாட்டோம்" என்பீர்கள். அந்த மேசையில்தான் நான் பயமில்லாமல் சத்தம்போட்டுச் சிரித்திருக்கிறேன். வீட்டில் கொஞ்சம் அதிகம் சிரித்தால் மனைவி சமையலறையிலிருந்தே கேட்பாள், "மாத்திர போட்டீங்களா?"

பிறகு ஒரு மழைக்காலத்தில் நீங்கள் புட்டைப் பாதியில் தள்ளிவைத்தீர்கள். பசியில்லை, தூக்கமில்லை, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. "தாழ்ச்சி வருதுடே, எனக்குத் தெரியும்" என்றீர்கள். வீட்டிலும் அதையே சொன்னார்கள். நம் இருவரையும் பார்த்துவந்த டாக்டரும் சோர்வுக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார். வயிற்றுவலியைக்கூட நீங்கள் மனசின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். நம் வியாதி கற்றுத்தருவது அதைத்தானே. சிரிப்பு வந்தாலும் நம்மை நம்பக்கூடாது, அழுகை வந்தாலும் நம்பக்கூடாது. வலியையும் நம்பாமல் விட்டோம். குடலில் கட்டி என்று தெரிந்தபோது அது ஈரல்வரை போயிருந்தது.

உங்கள் தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சண்டைக்கு வந்தார். "வருஷக்கணக்கா அந்த விஷத்த முழுங்குனா கேன்சர் வராம பின்னே என்ன வரும்? இனி ஒண்ணுகூட குடுக்கமாட்டேன்."

நானும் அதே விஷத்தைத்தானே விழுங்குகிறேன். நம் டாக்டரிடம் ஓடினேன். மலையாளியான அவர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். லித்தியம் கேன்சர் உண்டாக்கும்னு தெளிவு, ஆதாரம் ஒண்ணும் இல்ல. கிட்னியும் தைராய்டும் நாம நோக்கிட்டே இருக்கோமில்லே. இந்த அசுகம் உள்ளவங்களுக்குக் கேன்சர் கூடுதலா வருமான்னு கேட்டா, எனக்கு உறப்பாச் சொல்லத் தெரியாது. பக்ஷே, வந்தா கண்டுபிடிக்கத் தாமசம் ஆகும். அது நான் பாத்திருக்கேன்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதைத் தம்பியிடம் சொன்னேன், கேட்கவில்லை. நீங்களே படுக்கையிலிருந்து பேசினீர்கள். "சாவுக்குப் பயமில்லடே. கிறுக்கனாச் சாவக்கூடாது. எம் மவளப் பாத்து மவளேன்னு கூப்பிட்டுட்டுப் போவணும்." தம்பி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அன்று சாயங்காலமே மாத்திரையை மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். வாந்தியில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் அளவைக் குறைத்து, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். கடைசி வாரத்தில்கூட மகளைப் பேர்சொல்லி அழைத்தீர்கள். என்னைப் பார்த்து, "வல்லதும் தின்னியாடே?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு, ஏதாவது தின்றாயா என்று அப்படிக் கேட்க ஆளில்லை. வீட்டில் அன்பாகத்தான் சோறு போடுகிறார்கள். ஆனால் கேள்வி எப்போதும் மாத்திரையைப் பற்றியதுதான்.

இரண்டு மாதமாக எனக்கும் பசியில்லை, வயிற்றில் வலி, அண்ணாச்சி. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன். மனைவி வழக்கமானதைக் கேட்டாள். டாக்டரிடம் சொல்லி டோஸை மாற்றலாம் என்றான் மகன். நான் தனியாகப் போனேன். டாக்டருக்கும் தலை நரைத்துவிட்டது.

"மனசாவும் இருக்கலாம் சார். ஆனா அதுக்கு முன்னாடி உடம்பப் பாருங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை ரிசல்ட். பயமாக இருக்கிறது. ஒன்றுமில்லை என்றும் வரலாம். அப்படி வந்தால், எல்லாம் மனசுதான் என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல நான் கற்றது உங்களிடம்தான், நீங்கள் சொல்லாமல் விட்டதிலிருந்து. சொல்லிவிட்டேன். கேட்டவுடன் அதை நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான், அண்ணாச்சி.