அம்மாவுக்குத் தெரியாத பின்னல்

அக்கா,

இன்று கணிதப் பாடத்தில் கொம்பாஸ் பெட்டியைத் திறந்தேன். அடியில் உன் வெள்ளை ரிபன் கிடந்தது. இன்னும் உன் தலை எண்ணெய் மணக்கிறது. பட்டென்று மூடிவிட்டேன். இப்போது எல்லோரும் படுத்த பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

எனக்கு உன்மேல் எப்போதும் பொறாமைதான். உன் மூளையில் இரத்தக் குழாய்கள் சிக்குப்பட்டிருப்பது தெரிந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா உன்னைக் கதிர்ச் சிகிச்சைக்குச் சென்னைக்குக் கூட்டிப் போனார். என்னைக் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் விட்டார். சில வருடங்களில் சிக்கு மூடிவிட்டது, இனிப் பயமில்லை என்றார் டொக்டர். அதன் பிறகும் அம்மா உன் நெற்றியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் காய்ச்சல் என்றால், "பனடோலைப் போட்டிட்டுப் பள்ளிக்கூடம் போ" என்பார்.

போன வருடம் ஒரு காலை, என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைப் பூட்டினாய்.

"இடது கை விரல் சொல்வழி கேக்குதில்லை. தலை பின்னிவிடு."

"அம்மாட்டைச் சொல்லன்."

"சொன்னா திரும்ப ஆஸ்பத்திரி. ஏ எல் சோதினை முடியட்டும். ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?"

"எனக்கு என்ன தருவாய்?"

"உதை தருவன், குரங்கு."

இரண்டு மாதம் தினமும் பின்னினேன். நான் வாயை மூடியிருந்தது உன் உயர்தரப் பரீட்சைக்காக அல்ல, அக்கா. அம்மாவுக்குத் தெரியாத உன்னை எனக்குத் தெரிந்திருந்தது. அது இனித்தது.

பிறகு வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது வலிப்பு வந்து விழுந்தாய். கதிர் பட்ட இடத்தில் இத்தனை வருடம் கழித்து நீர்ப்பை வளர்ந்து, சுற்றிலும் வீங்கியிருந்தது. தலையை மழிக்குமுன் தாதி உன் ரிபனை உருவி என் கையில் தந்தார். மண்டையைத் திறந்து, பையையும் பழுதான பகுதியையும் எடுத்தார்கள். மறுநாள் இடது பெருவிரலை எனக்கு உயர்த்திக் காட்டினாய். மூன்றாம் நாள் உள்ளே இரத்தம் கசிந்தது. நீ போய்விட்டாய்.

"முந்திக் கொண்டு வந்திருந்தா?" என்று அம்மா கேட்டார்.

"வீக்கம் குறைவா இருந்திருக்கும். பிழைச்சிருப்பாவோ எண்டு சொல்லேலாது, அம்மா" என்றார் டொக்டர்.

வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "பெத்த எனக்கே தெரியாமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்கிறேன்.

இப்போது காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிடுகிறார். ஏழு வயதிலிருந்து நான் ஏங்கியது. எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னால் அந்தக் கை நின்றுவிடும். நேற்றுப் பின்னிக்கொண்டே என்னை உன் பெயரால் கூப்பிட்டார். இல்லாமல் போயும் நீதான் முதல். எனக்கு அழுகை வரவில்லை, எரிந்தது. ஆனால் அவர் சுமக்கும் பழி என்னுடையது. அதை அவர் சுமக்கக் கூடாது.

ரிபன் மடியில் இருக்கிறது. முடிச்சு அவிழவில்லை. நீயாகக் கட்டினால் எப்போதும் பூப்போல இருக்கும். நான் கட்டினால் இரட்டை முடிச்சு. பார்த்தவுடனே அம்மாவுக்குத் தெரிந்துவிடும், உனக்குப் பின்னிவிட்டது நான் என்று.

நாளைக் காலை சீப்போடு வருவார். முதுகைக் காட்டி உட்காரமாட்டேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்த ரிபனை அவர் கையில் வைப்பேன்.