வழிமொழிபவர்: மோட்டார் சங்கரன்

12.9, வெள்ளி

காலையில் மேகம் கூடியது, பத்து மணிக்குக் காற்று வந்து கலைத்துவிட்டது. மறுபடி வெயில்.

வேலை: திருவேங்கடத்துக்காரர் மோட்டார், உள்ளே காயில் கம்பி கருகல், நாளைக்குள் புதிதாகச் சுற்றித் தரணும். வார்னிஷ் வாங்க. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

மத்தியானம் கட்சி நோட்டீஸ் வந்தது. புதன்கிழமை நகரச் செயற்குழு. தீர்மானங்களை அச்சடித்தே அனுப்பியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, குடிதண்ணீர், கோயில் நிலம். நான்காவது: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதற்குச் சட்டத்தில் எந்த இடமும் தரக் கூடாது. முன்மொழிபவர், மகளிரணி அக்கா. வழிமொழிபவர், மோட்டார் சங்கரன்.

அது நான்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஊரில் பெயரை அச்சடித்துவிட்டுத்தான் ஆளுக்கே சொல்வார்கள். போன தடவை நன்றியுரை என்று போட்டிருந்தார்கள், பெருமையாக அந்த நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன்.

என்னைப் பற்றி ஊருக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு ராயகிரிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று வேனில் ஏறவில்லை. எனக்குப் பெண்கள் மேல் நாட்டம் கிடையாது, ஒரு பிள்ளையை ஏமாற்ற மாட்டேன் என்று வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அத்தானுக்கு வாய் நிற்காது. ஒரே வாரத்தில் டீக்கடை வரை போய்விட்டது.

ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன். “கூட்டம்னா சாப்பிட மாட்டியோ”ன்னு அம்மா.

13.9, சனி

அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். நகரச் செயலாளர், உரக்கடை வைத்திருக்கிறார். கடையில் ஆள் நின்றதால் மூட்டை அடுக்குக்குப் பின்னால் வைத்துப் பேச்சு.

“எம் பேரை எதுக்கு அண்ணாச்சி போட்டிய?”

“ஒம் பேரப் போட்டாத்தாம்ல நல்லது. ஒன்னைய கட்சியில வச்சிருக்கோம்னு அவனவன் பேசுதான். நீயே வழிமொழிஞ்சிட்டா எவனும் வாயத் தொறக்க முடியாது பாரு.”

“நான் அந்த மாதிரின்னு தெரியும்லா?”

“தெரியும்லே. வீட்டுக்குள்ள நீ எப்படியும் இரி, நான் கேட்டேனா? சட்டம் கிட்டம்னு போனா ஊரு கெட்டுரும். கையத் தூக்கிட்டு ஒக்காரு, அவ்வளவுதான்.”

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. விஷயம் வெளியே வந்த புதிதில் டீக்கடையில் ஒருவன் என்னைப் பார்த்துக் கைதட்டிக் கேலி செய்தான். அண்ணாச்சிதான் டம்ளரை டம்மென்று வைத்துவிட்டு எழுந்தார். “அவன் நம்ம பய. இன்னொரு வாட்டி கைதட்டுனா பல்லு இருக்காது.” அத்தான் அன்றைக்கு அதே கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் முடியவில்லை. திருவேங்கடத்துக்காரரிடம் பொய் சொன்னேன், கரண்டு இல்லை என்று.

14.9, ஞாயிறு

சிவகிரி. பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.

மு. அங்கே கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். நானும் அவனும் பழகி வருகிற தையோடு இரண்டு வருடம் முடிகிறது. கறி எடுத்து வைத்திருந்தான். சாப்பிட்ட பிறகுதான் நோட்டீஸைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

“இதுல என்ன பண்ணப் போற?”

“தெரியல.”

“நீ கொடி புடிக்க, கோயில்னா முன்னால நிக்க. நான் எதுவும் சொல்லிருக்கேனா?”

“இல்ல.”

“இத வழிமொழிஞ்சேன்னா இங்கன வராத.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். அதுதான் பயமாக இருக்கிறது.

15.9, திங்கள்

திருவேங்கடத்துக்காரர் மோட்டாருக்கு வார்னிஷ் அடித்துக் காய வைத்தேன்.

யோசனைகள், வந்த வரிசையில்:

காய்ச்சல் என்று படுத்துவிடலாம். ஆனால் அண்ணாச்சி ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கே வந்துவிடுவார்.

கட்சியை விட்டுவிடலாம். விட்டு எங்கே போக? கோயில் காரியத்தைக் கோயில்காரர்கள் பார்க்கட்டும், உழைக்காமல் ஓசியில் எதுவும் வேண்டாம், பெரியவர்களுக்கு மரியாதை வேண்டும். இதெல்லாம் யாரோ சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. நான் நினைப்பது இதுதான், பிடித்துத்தான் இருக்கிறேன்.

சென்னை நண்பர்களிடம் கேட்கலாமென்றால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. என்னைப் போன்றவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் கட்சி மாநாட்டுப் படத்தைப் போட்டேன். “அந்தக் கட்சியில் இருந்துகொண்டு எங்களோடு எப்படி இருக்க முடியும்?” என்று ஒருவர் கேட்டார். நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே நீக்கிவிட்டார்கள். நீளமான பதில், நன்றாக வந்திருந்தது.

அவர்களில் பாதிப் பேர் கல்யாணமே ஒரு கட்டு, வேண்டாம் என்பவர்கள். எனக்கு வேண்டும். மேளம் வைத்து, தாய்மாமனை முன்னால் நிறுத்தி, பந்தி போட்டு, மொய் எழுதி. இதைவிடப் பழைய ஆள் கட்சியிலேயே எவன் இருக்கிறான்? அண்ணாச்சி தன் பெண்ணுக்குப் பதிவாபீஸில் முடித்தவர்.

16.9, செவ்வாய்

திருவேங்கடத்துக்காரர் மோட்டார் போய்விட்டது, கடைசியில். ஓட்டிப் பார்த்து நல்லா இருக்கு என்றார்.

கூட்டத்தில் சொல்ல ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன்.

17.9, புதன்

கல்யாண மண்டபம், சாப்பாட்டு ஹால். ஐம்பது பேர் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

முதல் மூன்றுக்கும் கை தூக்கினேன். நான்காவதை அக்கா வாசித்து முடித்தார். “வழிமொழிபவர், மோட்டார் சங்கரன்.” மைக் கைக்கு வந்தது. எழுதிய பக்கம் பையில் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை. வாயில் வந்தது இவ்வளவுதான்:

“இத என்னால வழிமொழிய முடியாது. கட்சியிலதான் இருக்கேன். இத மட்டும் முடியாது.”

உட்கார்ந்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னாலிருந்து ஒரு குரல், “நான் வழிமொழிதேன்.” கைதட்டல். அடுத்தது தெருவிளக்கு.

பந்தியில் என் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்து உட்கார்ந்தார். “ரசம் நல்லாருக்கு, வாங்கிக்கிடுங்க தம்பி” என்றார்.

மு.வுக்கு போன், எடுக்கவில்லை. அவனுக்கு இன்று நைட் டூட்டி.

18.9, வியாழன்

பேப்பரில், மாவட்டச் செய்தியில்: “நான்காம் தீர்மானத்தை மோட்டார் சங்கரன் வழிமொழிந்தார்.”

கூட்டத்துக்கு முன்பே கட்சிக்காரர்கள் நோட்டீஸைப் பார்த்துப் பேப்பருக்குச் செய்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு மணிக்கு மு. அந்தச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பினான். கீழே ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. கடையைத் திறக்காமல் உரக்கடைக்கு ஓடினேன்.

“மாத்தச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“மாவட்ட ஆபீஸுக்குப் போயாச்சுலே. இனி எப்படி மாத்த? நேத்து நீ பண்ணுனதுக்கு ஒன்னைய நீக்கணும்னு நாலு பேரு நிக்கான். நான்தான் புடிச்சி வச்சிருக்கேன்.”

“எனக்கு ஒருத்தன் இருக்கான். இதப் பாத்துட்டுப் பேச மாட்டேங்கான்.”

இப்படி வெளிப்படையாக அவரிடம் சொன்னது இல்லை. அண்ணாச்சி வெளியே நின்ற ஆளைப் பார்த்தார். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார்.

“நம்பரப் போடு.”

அவருடைய போனில் என்பதால் மு. எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, சங்கரங்கோயில்ல இருந்து பேசுதேன், நகரச் செயலாளரு. ஒங்க ஆளு வழிமொழியலப்பா. எங் கண்ணு முன்னால மாட்டேம்னுட்டான்.”

ஒங்க ஆளு. அம்மாகூட ஒரு தடவை அப்படிச் சொன்னதில்லை. அழுகை வந்துவிட்டது.

“சரிங்க அண்ணாச்சி” என்றான் மு. “இத எங்கிட்ட சொன்ன மாதிரி பேப்பர்லயும் சொல்லிருங்க.”

அண்ணாச்சி போனை அணைத்தார். “அது ஆகாதுடே” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“நான் மறுப்பு எழுதிக் குடுக்கேன்.”

“எழுதுனா நான் ஒன்னையக் காப்பாத்த முடியாது. சொல்லிட்டேன்.”

19.9, வெள்ளி

அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். “எழுத்துப் பிழை இல்லாம எழுது” என்றாள்.

நான்கு வரி. நான் அந்தத் தீர்மானத்தை வழிமொழியவில்லை, மறுத்தேன். பதினோரு மணிக்கு நிருபரிடம் கொடுத்தேன்.

நாலரைக்கு அவரே கூப்பிட்டார்.

“அண்ணே, மறுப்புன்னா காரணம் கேப்பாங்க. என்னன்னு போட?”

“நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். அதான் காரணம்.”

“அப்படியே போடவா?”

“போடுங்க.”

எழுதுகிற சத்தம். பிறகு, “கட்சி உறுப்பினர்னு போடவா, முன்னாள் உறுப்பினர்னு போடவாண்ணே?”

“உறுப்பினர்னே போடுங்க” என்றேன். “அவங்க நீக்கினா, நாளைக்கழிச்சு வேற போட்டுக்கிடலாம்.”