அந்த விளக்கின் கீழே உன் அண்ணன்

தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டிக்குள் நீல விளக்கு எரிவதைப் பார்த்தாலே என் கை முஷ்டியாகிறது. நீ செத்துப்போன சேதி கேட்டு, போன வாரம் உன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். சேலத்து ஆய்வகத்தில் நீயும் நானும் ஒரே மேஜை. பாக்டீரியா மேல் புற ஊதா ஒளி விழுந்தால் அதன் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் தப்பாக ஒட்டிக்கொள்ளும். படி எடுக்கும் வேலை அங்கே முட்டி நிற்கும். செல் லேசில் சாகாது. கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்பும். "யாரு ஒடச்சாங்கன்னு கேக்காமயே ரிப்பேர் பண்ணுது பாருடி," என்பாய். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்ததே இல்லை.

படிப்பை விட்டுத் தாய்மாமனைக் கட்ட மாட்டேன் என்று நீ சொல்லியனுப்பிய மறுநாள் பகலில், உன் அண்ணன் சங்ககிரியிலிருந்து வந்தார். கருப்புத் துணி கட்டிய அறையில் புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவை உதைத்துத் திறந்தார். உன் சடையைக் கையில் சுற்றித் தலையை மேஜையில் மோதினார். பாக்டீரியா தடவிய கண்ணாடித் தட்டுகள் நொறுங்கின. தடுத்த என்னைச் சுவரோடு தள்ளினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாயெல்லாம் ரத்தத்தோடு நீ சொன்னாய்: "அண்ணா, கண்ண மூடிக்குங்க. அந்த வெளக்கப் பாக்காதீங்க."

அவர் நிமிர்ந்து அதையே முறைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி அடித்து, ஊருக்கு இழுத்துப் போனார்.

விடிந்தபோது கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் எரிந்து, திறக்க முடியாமல் கிடந்தாராம். நீ ஈரத்துணி போட்டு, இரண்டு நாளில் ஆறிவிடும் என்று தைரியம் சொல்லிவிட்டு, அவர் கண் திறக்கும் முன் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

ஆய்வகத்தில் இருட்டில் மிஞ்சிய தட்டுகள் வெறுமையாக இருந்தன. அந்த அமளியில் திறந்த கதவு வழியே வெளியே ஜன்னல் வெளிச்சத்துக்கு உருண்ட ஒன்றில் மட்டும் பாக்டீரியா புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. வெளிச்சம் பட்டால் ஒட்டியதைப் பிரித்துவிடும் நொதி ஒன்று அதனிடம் உண்டு. அதைப் பார்த்து நீ சிரித்தாய். உதடு மறுபடி கிழிந்தது.

அவசரமாகப் பழுது பார்த்தால் செல் பிழைக்கும், சில எழுத்துகள் மாறிப்போகும். அதன் பிறகு நீ சடை பின்னவே இல்லை. பின்னால் யார் வந்தாலும் கழுத்தைப் பிடித்துக்கொள்வாய், கடைசியில் நர்ஸ் தலையணையைச் சரிசெய்தபோதும்.

உன் அண்ணன் குடித்து முடித்துவிட்டு, "எம்மேல கோவத்தோடயே போயிட்டாளாங்க?" என்றார்.

நீ அவரை எப்போதோ மன்னித்துவிட்டாய். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

"இல்லைங்க," என்றேன். "அவ கோவத்தையும் சேத்து நாந்தான் வெச்சிருக்கறேன். டம்ளர வெச்சுட்டுக் கெளம்புங்க."