ஒன்பது பவுண்டுப் பரண்

அப்பாவுக்கு கிர்ஸ்டியின் வணக்கம். இடுப்பு வலி குறைந்ததா? டகோட்டா எண்ணெய்க் கிணற்று வேலையில் நான் நலமே.

மான் வேட்டைக்கு ஊர் வரும்போது கொண்டுவர, மரத்தில் கட்டும் புதுப் பரண் வாங்கிவிட்டேன். கனமான எஃகு வேண்டாமென்று ஒன்பது பவுண்டு எடையில் அலுமினியமாக எடுத்தேன். முதுகில் மாட்டிக்கொண்டே நம்மூர்ச் சதுப்பைத் தாண்டலாம். இங்கே முகாம் மரத்தில் கட்டிப் பார்த்தபோது வார் நழுவி முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான்.

போன வருஷம் ரெய்னோ அண்ணன் என் பரணில் ஏறி, நான் பார்த்துவைத்த மானைச் சுட்டுவிட்டு, "மான் மேல உன் பேரா எழுதியிருக்கு?" என்றானே! அந்தப் பழைய பரணைக் கழற்றாதீர்கள். அவனே உட்காரட்டும். காற்று அவன் வாடையைச் சதுப்புக்குள் கொண்டுபோகும். மான்கள் மிரண்டு மறுகரைக்கு ஓடிவரும். அங்கே புதுப் பரணில் நான் இருப்பேன்.

என் கம்பளிக் காலுறைகளை வெயிலில் போடுங்கள். இங்கே எனக்குக் காப்பி ஊற்றித் தர யாருமில்லை. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். வேட்டையன்றைக்கு அண்ணனுக்கு ஃபிளாஸ்க் நிறையக் காப்பி கொடுத்தனுப்புங்கள். நெடுநேரம் உட்காரட்டும்.

கிர்ஸ்டி