உன் ஆட்டத்துக்கு நான் எழுதிய தாள்

இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னால் காட்ட முடியாது என்று தெரிந்தும் கெஞ்சுகிறேன். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

உன் பெட்டி இன்று சாயங்காலம் திரும்பி வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பிள்ளைகள் என் அம்மாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் மைதாப் பசை வாசனை. பூச்சி அரிக்காமலிருக்க நீ அதில் துளி மயில்துத்தம் கலப்பாய். பசை காயும்வரை உன் விரல்நுனி நீலமாக இருக்கும். பெட்டியை மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன்.

நீ செய்த முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? பிரஸ்ஸில் வெட்டிப்போட்ட அட்டைகள், பின்பக்கம் பாதி முருகன், பாதி வெடி லேபிள். காய்களுக்கு மருந்து அடைக்காத வெறும் வெடிக்குழாய்கள். வகுப்பில் விளையாடிவிட்டு எல்லோரும் சூப்பர் என்றோம். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

“சூப்பர்னு சொல்லி ஏமாத்தாதீகடி. எந்த எடத்துல கொட்டாவி வந்துச்சுன்னு சொல்லுங்க.”

முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கு மனசு வரும்? அதற்காகத்தான் நீ ‘சுற்று’ ஆரம்பித்தாய். திருத்தங்கல், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று மூன்று ஊர்களில் ஏழு பெண்கள். எல்லோரும் ஏதாவது ஒரு ஆட்டம் செய்துகொண்டிருந்தவர்கள். ஒருத்தி செய்த ஆட்டம் பெட்டியோடு மற்றவர்கள் வீட்டுக்குப் போகும். விளையாடியவள் எங்கே சலித்தது, எங்கே குழம்பியது, எங்கே சண்டை வந்தது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. செய்தவள் அந்தத் தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதி, பெட்டியிலேயே வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள்.

பெட்டிகள் அம்மாக்களின் டிபன் பைகளில், வெடி கம்பெனி வேன்களில் போய்வந்தன. “என்னக்கா, சோத்துக்குள்ள தாயக்கட்ட உருளுது?” என்று டிரைவர் அண்ணன் கேட்பாராம்.

உன் வீட்டில் உன் ஆட்டத்தை நாங்கள் வேண்டுமென்றே தப்பாக விளையாடிய அந்த ஞாயிற்றுக்கிழமை! செய்தவள் பேசக் கூடாது என்பது நீயே போட்ட சட்டம். ஷாலை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவ வாய அடைக்க ஒரு ஆட்டம் இருக்குன்னா அதையே தெனம் ஆடுங்க தாயி.”

உன் கடைசி ஆட்டம் வெடி கம்பெனி பற்றியது. மழைக்கு முன் ஆர்டரை முடிக்க வேண்டும். ‘தீ’ அட்டை வந்தால் ரூமில் இருக்கிற நாலு பேரும் நடந்து வேப்பமரத்தடிக்குப் போய், ஒரு சுற்று இருந்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். முதலில் என்னிடம்தான் அனுப்பினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கோடை லீவுகளில் கம்பெனிக்கு வெடி பாக்கெட் போட நான் போயிருக்கிறேன். நீ போனதில்லை. “நான் போறது போதும். எம்புள்ள அந்த வாசலக்கூட மிதிக்கக் கூடாது” என்று உன் அம்மா உன்னை விட்டதே இல்லை.

நான் எழுதினேன்: “தீப்பிடித்தால் யாரும் நடந்து வர மாட்டார்கள். உள்ளே போகாதவள் செய்த ஆட்டம் என்று நன்றாகத் தெரிகிறது. ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்.”

ஆட்டம் நன்றாக வர வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. அதற்கு முந்தின வாரம் என் ஆட்டத்துக்கு வந்த ஒரு தாளில் ‘மூன்றாவது சுற்றிலேயே தூக்கம் வந்தது’ என்றிருந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன, உன் சாய்ந்த எழுத்து எனக்குத் தெரியாதா? அந்த எரிச்சலில் எழுதினேன்.

சனிக்கிழமை மத்தியானம் சத்தம் கேட்டது. சத்தம் வந்தால் எந்தத் திசை என்றுதானே இங்கே முதலில் பார்ப்போம். உன் அம்மாவின் கம்பெனிப் பக்கம் என்றதும் அவருக்காகத்தான் அழுதேன். அவர் வெளியே களத்தில் சரக்கைக் காயவைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ரூமுக்குள் இருந்தது நீ என்று ராத்திரிதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரின் பெட்டிகள் என்னிடம் வந்தன. இரண்டுக்கும் ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை எழுதக் கை வரவில்லை. நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

இன்று பெட்டி வந்த கொஞ்ச நேரத்தில் உன் அம்மா வந்தார். மெலிந்துவிட்டார்.

“பெட்டி வந்திருக்காமே தாயி? அவ எழுத்து அதுல இருக்கும்ல. ஒருக்கா தடவிப் பாத்துக்கிடுதேன்.”

“இன்னும் வரல அத்தை” என்றேன். பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது, அதற்குள் நான் எழுதிய தாளும்.

அவர் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அன்னைக்கு நான் சோத்த மறக்கவே இல்ல. சோறு எங்கிட்ட இருக்குன்னு அவளுக்கும் தெரியும். பெறகு எதுக்குத் தாயி தூக்குவாளியத் தூக்கிட்டு அங்கன வந்தா?”

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் கேட்கிறாராம். என் அம்மா அவர் தோளைப் பிடித்து அழுதாள்.

அவர் போன பிறகுதான் என் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நீ எழுதியிருக்கிறாய்: “சரிதான். சனிக்கிழமை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு மாற்றுகிறேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே, எழுதியது நீதான் என்று தெரியும்.”

பெட்டியில் நீ கடைசியாக எழுதியது அதுதான். அடுப்பில் போட எடுத்துப் போனேன். தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். என் பக்கத்தை மட்டும் அழிக்க வழியில்லை. அழித்தால் உன் எழுத்தும் போய்விடும். உன் கடைசி எழுத்தாக அவருக்கு மிச்சமிருப்பது அந்த மூன்று வரிதான். கொடுத்தால் அவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பாரா? எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போதுதான், நான் எழுதியதற்குக் கீழே என் பெயரை இனிஷியலோடு எழுதினேன். காலையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசித்துக் காட்டச் சொன்னால் இரண்டு பக்கத்தையும் வாசிப்பேன். அடித்தால் அடிக்கட்டும். அடிக்காமல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதால் என்ன செய்வதென்றுதான்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள். “யாரு, மதினியா? தூக்கம் வரலையா? வாங்க, உள்ள வாங்க. அவ ரூம்ல லைட்டு எரியுது, முழிச்சுத்தான் இருக்கா...”

காலையில் அத்தை, காலையில்